கட்டைவிரல் மறைத்த வரி

மெத்தைக் கடையில் உட்கார்ந்துகொண்டு யாரையும் மிரட்ட முடியாது. மிரட்டுவதற்கு முதலில் முதுகு நிமிர வேண்டும். மேடம் உட்கார்ந்ததும் இடுப்புவரை புதைந்து போனார். நான் உட்கார்ந்ததும் என் முழங்கால்கள் இரண்டும் காதோரம் வந்து நின்று என்ன விஷயம் என்று விசாரித்தன. எதிரே ஒரு மர ஸ்டூலில் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருந்தார் கடை முதலாளி. வருகிறவர்களை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

“நல்லா பாருங்க மேடம், ஒரிஜினல்” என்று பழுப்பேறிய பத்திரம் ஒன்றை நீட்டினார். “எங்கண்ணன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ அவர் கையால குடுத்தது. ‘தம்பி, வீட்டுல பாதி உனக்கு’ன்னார். அப்புறம் அவர் பேசவே இல்ல.”

“சாட்சி?” என்றார் மேடம்.

“மேல இருக்கிறவன்.”

“அவருக்கு சம்மன் அனுப்பினா வரமாட்டாரு. கீழ யாராவது?” என்றேன்.

முதலாளி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என்னைப் பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரமாகும். நான் உயரம், அகலம் கிடையாது. “இந்தத் தம்பி யாரு?”

“ஒட்டடைக்குச்சி. என் அசிஸ்டென்ட்” என்றார் மேடம். “ஆள் எட்டாத இடத்துல எல்லாம் கை விடுவான்.”

மேடம் ஒரு வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வீட்டுப் பத்திரங்களைப் படித்தவர். படித்ததில் பாதி பொய் என்று கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் அதைக் கண்டுபிடிக்க விரும்பவில்லை. ராஜினாமா செய்துவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நிறுவனத்தில் அவரைக் கழித்தால் மீதி நான்.

எங்களுடைய கட்சிக்காரி பெடல். சைக்கிள் ரிப்பேர் செய்கிற பெண் என்பதால் தெருவே வைத்த பெயர். மெத்தைக் கடைக்காரர் அவளுக்குச் சித்தப்பா. மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அவளுடைய அப்பா வாங்கிய வீட்டின் பத்திரம், பீரோவிலிருந்து காணாமல் போய், இப்போது சித்தப்பா கையில் இருக்கிறது. அவர் எடுத்தார் என்பது பெடலின் கட்சி. அண்ணன் அப்போதே கொடுத்துவிட்டார், பீரோவில் இருந்தது வெறும் நகல் என்பது சித்தப்பாவின் கட்சி. பெடலின் அம்மாவோ, “அவர் கையால குடுத்திருந்தா மறுக்க நான் யாரு?” என்று பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

“பாதின்னா எந்தப் பாதி?” என்றார் மேடம்.

“வடக்குப் பாதி. தபால்காரர் வீட்டை ஒட்டினது.”

“அதுலதானே உங்க அண்ணன் பொண்ணு சைக்கிள் கடை வெச்சிருக்கு?”

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மேடம் ஸ்பேனரு? எனக்கு அங்க கோடவுன் போடணும். சாயங்காலம் அண்ணி கையெழுத்துப் போடறாங்க. நீங்களும் வாங்க, காபி குடுப்பாங்க.”

“இதைப் போட்டோ எடுத்துக்கலாமா?”

“தாராளமா. ஒரிஜினலுக்கு எதுக்கு பயம்?”

எல்லாப் பக்கத்தையும் எடுத்தேன். பிறகு மேடத்தை நானும் என்னை மேடமும் இழுத்து, ஒருவழியாக மெத்தையை விட்டு எழுந்தோம்.

எங்கள் அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மாடி. கீழே இஸ்திரி போட்டால் மேலே எங்களுக்கு வியர்க்கும். பெடல் அங்கே காத்திருந்தாள்.

“அப்பா குடுக்கல மேடம். எனக்கு நிச்சயமா தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“இதை வெச்சு கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜ் என்னைத்தான் பாப்பார்” என்றார் மேடம். “சரி, அந்தப் பத்திரத்தை வீட்டுல யாரெல்லாம் தொடுவீங்க?”

“அம்மாதான். ஞாயித்துக்கிழமை ஆனா பீரோவைத் திறந்து எடுப்பாங்க. கடைசிப் பக்கத்துல அப்பா கையெழுத்து இருக்கும். அதை விரலால தடவிட்டு, மடிச்சு உள்ள வெச்சிடுவாங்க. அப்பாவோட போட்டோவைக்கூட அப்படித் தொட மாட்டாங்க.”

மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “ஒட்டடை, பதிவுத்துறை வெப்சைட்ல அந்தப் பத்திரத்துக்கு ஒரு நகல் ஆர்டர் பண்ணு.”

“அடுத்தவங்க பத்திரத்தை நாம எப்படி மேடம் கேக்கறது?”

“பதிவான பத்திரம் ஊர்ப்பொது. நம்பரும் வருஷமும் தெரியணும், பணம் கட்டணும். யார் கேட்டாலும் வரும்.”

பெடல் சட்டென்று எழுந்தாள். “நகல் எதுக்கு மேடம்? அதான் ஒரிஜினலே சித்தப்பாகிட்ட இருக்கே? அதை எப்படி எடுத்தார்னு மட்டும் கண்டுபிடிங்க.” பதிலுக்குக் காத்திராமல், கடை திறந்து கிடக்கிறது என்று இறங்கிப் போய்விட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வந்ததாக அரைமணி முன்னால்தான் சொல்லியிருந்தாள்.

நான் வெப்சைட்டுக்குள் குதித்தேன். முதலில் வருஷம் கேட்டது. பட்டியல் இந்த வருஷத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. முப்பது வருஷம் பின்னால் போவதற்குள் என் வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடியது. கணக்கில் ஃபெயிலான வருஷத்தைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். அடுத்து அலுவலகம். அந்த அலுவலகத்தை இன்னொன்றோடு சேர்த்து, சேர்த்ததை மறுபடி பிரித்திருந்தார்கள். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. பணம் கட்டினேன். ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல், அது செல்லாமல் போன பிறகு வந்து சேர்ந்தது. இன்னொன்று கேட்டேன். கடைசியில், ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, காத்திருக்கவும்’ என்றது. காத்திருந்தேன். என் சம்பளமும் இப்படித்தான் வரும் என்பதால் எனக்குச் சிரமமாக இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நகல் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சாம்பல் நிறத்தில் ‘நகல்’ என்று பெரிதாக இருந்தது. நான் இரண்டாம் பக்கத்துக்குப் போய் அப்படியே நின்றேன்.

“மேடம், பத்திரத்துல விரல் முளைச்சிருக்கு.”

மேடம் எட்டிப் பார்த்தார். பதிவுத்துறையில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்த புண்ணியவான், பக்கத்தை அழுத்திப் பிடித்துவிட்டுக் கட்டைவிரலை எடுக்க மறந்திருக்கிறான். பிளாஸ்டர் சுற்றிய விரல். பக்கத்தின் ஓரத்தில் சட்டமாகப் படுத்திருந்தது.

“பாவம், என்ன காயமோ” என்றேன்.

“காயம் ஆறியிருக்கும். அவன் எந்த வரியை மறைச்சிருக்கான் பாரு.”

‘வடக்கு எல்லை’ என்ற இரண்டு சொற்கள் தெரிந்தன. அதற்கப்புறம் விரல்.

காலையில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்தோம். சித்தப்பாவின் பத்திரத்தில் விரல் இல்லை. அந்த வரி முழுசாக இருந்தது: ‘வடக்கு எல்லை, பல் மருத்துவர் வீட்டு மதில்.’

“இதுல என்ன மேடம் தப்பு? ஒரிஜினல்ல விரல் இருக்காதுல்ல?”

“இருக்காது. ஆனா ரெண்டுலயும் இந்தப் பக்கத்துல எழுத்தெல்லாம் தாள் ஓரத்துக்கு நேரா இல்லாம லேசா இடது பக்கம் சாயுது, கவனிச்சியா? ஸ்கேன் பண்றப்போ தாள் கோணலா இருந்திருக்கு, அதனால நகல் சாயுது. ஒரிஜினல் எதுக்கு அதே மாதிரி சாயணும்?”

நான் வாயைப் பிளந்தேன். “அப்போ அது நகல்லேர்ந்து செஞ்சது!”

“யாரோ நம்மள மாதிரியே ஆன்லைன்ல நகல் வாங்கியிருக்காங்க. குறுக்க இருந்த ‘நகலை’ அழிச்சாங்க. விரலையும் அழிச்சாங்க. விரலுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியாததால, தெரிஞ்சதை எழுதிட்டாங்க.”

“ஒருவேளை சரியாவே எழுதியிருந்தா?”

மேடம் என்னைக் கனிவோடு பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் அடுத்த வேலை என் தலையில்தான் விழும்.

“உனக்குப் பல்லு வலிக்குதா?”

“இல்லியே மேடம்.”

“வலிக்கும். வா.”

பல் டாக்டரின் கிளினிக் பெடல் வீட்டுக்கு அடுத்த வீடு. பதில் சொல்ல முடியாதவர்களிடமே நாள் முழுவதும் பேசிப் பழகியவர் டாக்டர். என் வாய்க்குள் இரண்டு கருவிகளையும் ஒரு குழாயையும் வைத்துவிட்டு, மேடத்தின் பக்கம் திரும்பி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார்.

“இந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சா டாக்டர்?” என்றார் மேடம்.

“என் பெரிய பொண்ணு பொறந்த வருஷம் வாங்கினது. அவளுக்கு இப்போதான் காலேஜ் முடியுது.”

நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். பெடல் வீட்டுப் பத்திரம் பதிவானபோது இவர் கல்யாணமே ஆகாத பையன்! “ஆ! ஆ!” என்று மேடத்துக்குச் சைகை செய்தேன்.

“வலிக்குதா?” என்று டாக்டர் ஓர் ஊசியைப் போட்டார்.

“அதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?”

“ஒரு தபால்காரர். ஊரெல்லாம் விலாசம் கண்டுபிடிச்ச மனுஷன், தன்னோட விலாசத்தை மாத்தச் சொல்ல மறந்துட்டார். இன்னும் அவருக்கு லெட்டர் வருது.”

தெருவுக்கு வந்ததும் எனக்குப் பாதி முகம் இல்லை. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேஸை முடித்தேன். “மேடம்! முப்பது வருஷப் பத்திரத்துல இல்லாத டாக்டர் வந்து உக்காந்திருக்கார். சித்தப்பா மாட்டினாரு! நகல் வாங்கி, போலிப் பத்திரம் செஞ்சு…”

“காலையில இந்த வீட்டை அவர் என்னன்னு சொன்னார்?”

யோசித்தேன். “தபால்காரர் வீடு.”

“டாக்டர் வந்து இத்தனை வருஷமாச்சு, அவருக்கு இது இன்னமும் தபால்காரர் வீடு. அவர் எழுதியிருந்தா சரியா எழுதியிருப்பார். இதை எழுதினது, நினைவு தெரிஞ்ச நாளாப் பக்கத்து வீட்டுல பல் டாக்டரை மட்டுமே பாத்து வளர்ந்த ஆளு.”

மதிலுக்கு அந்தப் பக்கம், இரும்பு ரிம்மில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. டங். டங். எனக்கு மீதிப் பாதி முகமும் மரத்துப் போயிற்று.

பெடல் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேடம் டியூப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இந்தத் தடவை முதுகு நிமிர்ந்திருந்தது. ஆனால் மிரட்டவில்லை.

“அந்தக் கட்டைவிரலை அழிக்க ரொம்பக் கஷ்டப்பட்டியாம்மா?”

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது தானாக நிற்கும்வரை பெடல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிளாஸ்டர்தான் மேடம் போகவே இல்ல” என்றாள்.

அப்புறம் எல்லாம் கொட்டியது. போன வருஷம் கடைக்கு மெஷின் வாங்க லோன் கேட்கப் போயிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் பத்திரத்தை எடுத்துப் போய், திரும்பி வருகிற வழியில் தொலைத்துவிட்டாள். தேடாத இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. ஆன்லைனில் நகல் எடுத்து, அழித்து, தடித்த தாளில் அச்சடித்து, டீயில் ஊறவைத்து, இஸ்திரி போட்டு பீரோவில் வைத்துவிட்டாள்.

“அப்பா கையெழுத்து?” என்றேன்.

“அதுவும் அச்சுதான் அண்ணா.” அவள் முகத்தைத் துடைத்தாள். கையிலிருந்தது செயின் துடைக்கிற துணி. கன்னமெல்லாம் கறுப்பு. “ஒரு வருஷமா அம்மா அதைத்தான் தடவறாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் வெளியில ஓடிப் போயிடுவேன்.”

“சித்தப்பா எப்ப வந்தார்?”

“போன மாசம். அண்ணிக்குன்னு இலவசமா ஒரு மெத்தை கொண்டுவந்து, அவரே உள்ள போய்ப் போட்டார். பீரோ சாவி பழைய மெத்தைக்கு அடியில இருந்துச்சு.”

“மெத்தைக்காரருக்கு அது தெரியாதா?” என்றேன். “தொழில் நுணுக்கம்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை; முகம் ஒத்துழைக்காதது மட்டும் காரணமல்ல.

மேடம் சொன்னார்: “தாள் தொலைஞ்சா வீடு தொலைஞ்சு போயிடாது. வீடு பதிவேட்டுல உங்கப்பா பேர்ல பத்திரமா இருக்கு. போலீஸ்ல தொலைஞ்சதா எழுதிக் குடுத்துட்டு, முத்திரையோட நகல் வாங்கி வெச்சா போதும். அதில்ல இப்போ பிரச்சினை. உங்கப்பா போய் மூணு வருஷம். நீ இதைச் செஞ்சது போன வருஷம். நீ அதை அம்மா முன்னாடி சொன்னா, சித்தப்பா கதை அங்கயே முடிஞ்சிடும்.”

“அம்மா முன்னாடியா?” பெடல் தலையை ஆட்டினாள். “வேணாம் மேடம். கடையைக் குடுத்துடறேன். தெருவோரத்துல ஒரு குடையைப் போட்டு உக்காந்துக்கறேன். அந்தக் கையெழுத்தை அம்மாகிட்டேர்ந்து பிடுங்க மாட்டேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். சட்டம் என்றால் அவர் பேசுவார். மற்றதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

“பெடல்,” என்றேன், முடிந்தவரை வாயை நேராக்கிக்கொண்டு, “உங்கம்மா இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா, எதுக்காகப் போடறாங்க? உங்கப்பா சாகறதுக்கு முன்னாடி, உன்னைக் கேக்காம உன் கடையைத் தூக்கித் தம்பிக்குக் குடுத்தாருன்னு நம்பித்தானே? அவரு செய்யாத காரியம் அது. கையெழுத்து பொய்யா இருக்கறதைவிட மனுஷனே பொய்யாப் போறது மோசம்.”

அவள் சக்கரத்தை எடுத்து மறுபடியும் சுற்றிவிட்டாள்.

சாயங்காலம் சித்தப்பா புதுச்சட்டையில் வந்தார். காபி வந்தது, என் பங்கு காபி பாதி சட்டையில் இறங்கியது. மேஜைமேல் பழுப்புப் பத்திரமும், அண்ணி விட்டுக்கொடுப்பதாக எழுதிய புதுத் தாளும். அம்மா ஒல்லியான பெண்மணி. பேனா மூடியைக் கழற்றி, மறுமுனையில் அழுத்தமாகச் சொருகினார். பெடல் சுவரோரம் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் காபியைப் பார்த்தார்.

பேனா தாளைத் தொட்டது.

“போடாதம்மா” என்றாள் பெடல். “அது அப்பா குடுத்ததில்ல. நான் செஞ்சது.”

சித்தப்பா பெரிதாகச் சிரித்தார். “என்னடி, சைக்கிள் செய்யற மாதிரி பத்திரமும் செய்வியா?”

“செஞ்சேன் சித்தப்பா. டீத்தூள் வாசனை இன்னும் போயிருக்காது. மோந்து பாருங்க.”

அவர் மோந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

மேடம் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலைக் காட்டினார், சாய்வைக் காட்டினார், பல் டாக்டரைக் காட்டினார். பிறகு மிக மரியாதையாக, “இப்போ உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு சார். அண்ணன் குடுத்தார்னு நீங்க சாதிச்சா, அவர் போனதுக்கப்புறம் அச்சான தாளை எப்படிக் குடுத்தார்னு சொல்லணும். இல்ல, பீரோவிலேர்ந்து எடுத்தேன்னு சொன்னா, அதுக்கு வேற பேரு இருக்கு” என்றார்.

“மூணாவதா ஒண்ணு இருக்கு” என்றேன். “ஆவியா வந்து குடுத்தார்னு சொல்லலாம். சாட்சிதான் மேலயே இருக்காரே.”

“அண்ணி… நான் வந்து…” என்று சித்தப்பா எழுந்தார்.

அம்மா பேனா மூடியைக் கழற்றி, பேனாவை மூடி, அவர் சட்டைப் பையில் வைத்தார். “மெத்தையையும் எடுத்துட்டுப் போயிடு தம்பி. படுத்தா முதுகு வலிக்குது.”

வாசற்படியில் மெத்தை மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் அவர் இழுக்க, இந்தப் பக்கம் நான் தள்ள, தெருவே வேடிக்கை பார்க்க, பத்திரமில்லாத ஒரே சொத்தோடு அவர் போய்ச் சேர்ந்தார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். விரல் கையெழுத்துக்கு மேலே, தொடாமல் நின்றது. பெடல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“இது அவர் போட்டதில்லையா?”

“இல்லம்மா.”

“ஒரு வருஷமாவா?”

“ஆமாம்மா.”

அம்மா எட்டி, அவள் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். நானும் மேடமும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

“எங்கடி தொலைச்சே?”

“பஸ்ல. மடியில வெச்சிருந்தேன். எறங்கறப்போ…”

“பஸ்லயா?” அம்மாவின் வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் கண்ணீர் வந்தது.

“காலம்பூரா கண்டக்டரா இருந்த மனுஷன்” என்று எங்களிடம் சொன்னார். “குடை, சோத்து டப்பா, ஒத்தைச் செருப்பு… ஜனங்க மறந்துட்டு எறங்கினதை எல்லாம் வேலை முடிஞ்சு வீடு வீடாத் தேடிப் போய்க் குடுத்துட்டு வருவாரு. சோறு ஆறிக் கெடக்கும், நான் கத்துவேன். ஒருநாள்கூடக் கேக்கல.”

பெடலின் கறுத்த கன்னத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

“அன்னைக்கு மட்டும் அந்த வண்டியில அவர் இருந்திருந்தா, நீ வீடு வந்து சேர்றதுக்குள்ள பத்திரம் வந்திருக்கும்டி.”